பனங்காட்டில் ஒரு வட்டம்: இராமநாதபுரம் கரையில் எளிய வாழ்வும் விக்கா வழிபாடும்

நான் இங்கே குடிவந்த முதல் வருஷம், ஜூன் 21. விக்கா என்ற இயற்கை வழிபாட்டைப் பின்பற்றுகிறவர்கள் லிதா என்று கொண்டாடும் நாள். சூரியன் வானத்தின் உச்சியில் நிற்கும் நாள் என்று படித்திருந்தேன். நடுப்பகலில் மணலில் ஒரு குச்சியை நட்டுவிட்டுப் பார்த்தால், நிழல் ஒரு சாண் நீளத்துக்கு விழுந்து கிடக்கிறது, அதுவும் தெற்குப் பக்கமாக. சூரியன் உச்சியைத் தாண்டி வடக்கே சரிந்து நிற்கிறது. சரி, சாயங்காலம் விளக்காவது ஏற்றலாம் என்றால் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கிறது. அரைப் பெட்டி தீக்குச்சி தீர்ந்ததுதான் மிச்சம்.

அன்றைக்குப் புரிந்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். விக்கா இயற்கையைக் கும்பிடும் வழி. ஆனால் அதன் நாட்களும் திசைகளும் இங்கிலாந்தின் வானத்தையும் வயலையும் பார்த்து வகுத்தவை. அவற்றை அப்படியே தூக்கி வந்து உச்சிப்புளிப் பனங்காட்டில் வைத்தால் அட்டவணையைத்தான் கும்பிட்டுக்கொண்டிருப்போம். இந்தக் கரையின் காற்றையும் தண்ணீரையும் நிழலையும் முதலில் படிக்க வேண்டும். வழிபாடு அதற்குப் பிறகு.

எதில் இறங்குகிறோம்

விக்கா வயதில் இளைய மதம். அதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் ஜெரால்ட் கார்ட்னர் (1884–1964) என்ற ஆங்கிலேயர். சூனியம் தெரியும் என்று சொல்லிக்கொள்கிறவர்களைத் தண்டித்த இங்கிலாந்தின் பழைய சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. அந்தத் தடை போன பிறகு, 1954இல் அவர் இதைப் பற்றிப் புத்தகம் எழுதினார். வழிபாட்டு வாசகங்களில் பலவற்றைச் செதுக்கித் தந்தவர் டோரீன் வாலியன்டே என்ற பெண்மணி. கார்ட்னர் 1900இல், பதினாறு வயதுப் பையனாகத் தோட்ட வேலைக்குப் போன ஊர் எது தெரியுமா? சிலோன். தனுஷ்கோடி முனைக்கு எதிர்க்கரை. இதிலிருந்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். எனக்குப் பிடித்த தகவல், அவ்வளவுதான்.

‘நம்ம பாட்டன் பூட்டன் செய்ததும் விக்காதான்’ என்று பேசுகிறவர்களை நம்பாதீர்கள். முளைப்பாரி முளைப்பாரிதான், விக்கா விக்காதான். ஒன்றுக்கொன்று சாயல் உண்டு. சாயல் இருப்பதாலேயே சொந்தம் ஆகிவிடாது.

இதில் அடிப்படை கொஞ்சம்தான். ஒரு தேவி, ஒரு தேவன். தேவி நிலாவைப் போல மூன்று முகம் கொண்டவள்: கன்னி, தாய், கிழவி. (கிழவியைத் தெய்வமாக வைக்க நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; கொற்றவையைக் காடுகிழாள் என்று அழைத்த மொழி இது.) பௌர்ணமிதோறும் ஒரு வழிபாடு. வருஷத்தில் எட்டுத் திருநாள். மண், நீர், நெருப்பு, காற்று என்ற நான்கையும் நான்கு திசையில் அழைத்து, ஒரு வட்டம் வகுத்து அதற்குள் நின்று செய்வது. யாருக்கும் தீங்கு வராதவரை உன் விருப்பப்படி செய் என்பது நெறி. அனுப்புவது மூன்று மடங்காகத் திரும்பும் என்பது பலருடைய நம்பிக்கை. குழுவாகவும் செய்யலாம், தனியாகவும் செய்யலாம். இங்கே பெரும்பாலும் தனியாகத்தான்.

முதல் படி: ஒரு வருஷமும் ஒரு நாளும்

விக்காவில் தீட்சைக்கு முன் ஒரு வருஷமும் ஒரு நாளும் படிக்கும் வழக்கம் உண்டு. அதை இங்கே வாழ்க்கைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டுவிட்டு, வீட்டைக் காலிசெய்துவிட்டு ஒரேயடியாக வராதீர்கள். முதல் மூன்று மாதம் மாதத்துக்கு ஒரு வாரம் வந்து தங்குங்கள். அதில் ஒரு வாரமாவது கார்த்திகை மழையில் இருக்கட்டும். மழையில் தங்கிப் பார்த்தும் ஆசை போகவில்லை என்றால் மேற்கொண்டு பேசலாம்.

ஒரு நோட்டு வாங்குங்கள். விக்காவில் இதற்கு நிழல் ஏடு என்று பொருள்படும் ஒரு பெயர் உண்டு, மந்திரமும் சடங்கும் எழுதி வைக்க. முதல் வருஷம் அதில் மந்திரம் எதையும் எழுத வேண்டாம். தினமும் நான்கு வரி போதும்: காற்று எந்தப் பக்கம், நிலா எப்போது எழுந்தது, கடல் எப்படி, எந்த மரத்தில் என்ன. என் முதல் நோட்டு முழுக்க ‘வாடை, கடல் கலங்கல், பாளை வரவில்லை’ என்றே இருக்கும். இன்றைக்கும் நான் அதிகம் புரட்டுவது அந்த நோட்டைத்தான்.

இரண்டாம் படி: இடம்

இந்தக் கரைக்கு இரண்டு கடல். பாம்பன்காரர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் ஆழமில்லாத, அமைதியான கடல். ஆனால் வாடை வீசும் மாதங்களில் அதுதான் பொங்கும். தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஆனி, ஆடியில் கொந்தளிக்கும். ஆக, வருஷம் முழுக்க அமைதியான கரை என்று ஒன்று கிடையாது. எந்த ஆறு மாதத்து இரைச்சலை நீங்கள் தாங்குவீர்கள் என்று பார்த்து இடம் பாருங்கள்.

புறம்போக்கிலோ வனத்துறை நிலத்திலோ குடிசை போடாதீர்கள். கரையை ஒட்டிக் கட்டுவதற்குக் கடலோர ஒழுங்குமுறை விதிகளின் தடையும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே போய் ஆதிவாழ்க்கை வாழ்கிறேன் என்பது நடக்காது. தனுஷ்கோடியில் இருட்டிய பிறகு வெளியாட்களை இருக்க விடுவதில்லை. உருப்படியான வழி, கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, பட்டா உள்ள ஒரு பனந்தோப்புக்காரரிடம் பேசி, எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, ஒரு மூலையில் குடிசை போட்டுக்கொள்வது. தோப்பைக் காவல் காப்பதாகச் சொன்னால் வாடகை குறையும்.

கூரைக்குப் பனையோலை. உப்புக்காற்றில் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும், அதையும் புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டும். வாசலைக் கிழக்கே வையுங்கள். வடக்கே வைத்தால் மார்கழி வாடை நேராக உள்ளே வரும். மேற்கே வைத்தால் கச்சான் அள்ளிவரும் மணலைச் சோற்றோடு சேர்த்துத் தின்ன வேண்டும். குடிசையைச் சுற்றிப் பத்தடிக்குச் சருகும் மட்டையும் இல்லாமல் கூட்டி வையுங்கள். பாம்புக்காகவும், தீக்காகவும்.

பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் செய்தி வந்தால் கூண்டின் எண்ணைக் கேளுங்கள். எண் ஏறிக்கொண்டே போனால் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஊருக்குள் போய்விடுங்கள். இயற்கையோடு ஒன்றி வாழ்வது என்பதில் இதுவும் சேர்த்தி.

மூன்றாம் படி: தண்ணீர்

இங்கே வாழ்வதா வேண்டாமா என்பதைத் தீர்மானிப்பது தண்ணீர்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கடற்கரை மணலில் இரண்டு மூன்றடி தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும். கரையோரப் பெண்கள் ஊத்துத் தோண்டிச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். மாயம் ஒன்றும் இல்லை. மழைநீர் மணலில் இறங்கி, கீழே இருக்கும் உப்புத்தண்ணீரின் மேல் ஆடையைப் போல மிதக்கிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட எடை குறைவு. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால் அது கீழே சுமார் நாற்பதடிவரை உப்பை அமுக்கி வைக்கும் என்பது கணக்கு. இதைத் திருப்பிப் பார்த்தால் பயமாக இருக்கும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழிருந்து உப்பு நாற்பதடி ஏறி வரும்.

எனக்கு இந்தக் கணக்கு அப்போது தெரியாது. இரண்டாம் வருஷம் பங்குனியில் தண்ணீர் குறைகிறதே என்று ஊற்றை ஆள் வைத்து ஆழப்படுத்தினேன். மூன்றாம் நாள் தண்ணீர் கரித்தது. பருப்பு வேகவில்லை. அடுத்த மழைவரை குடம் பத்து ரூபாய்க்கு வாங்கிக் குடித்தேன். பக்கத்துத் தோப்பு அப்பத்தா வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ‘ஊத்த நோண்டப்படாது தாயி, தடவணும்’ என்றார்.

ஆகவே ஆழம் வேண்டாம், அகலமாகத் தோண்டுங்கள். மோட்டார் வேண்டவே வேண்டாம். ஒரே ஊற்றில் ஒட்ட இறைக்காமல் இரண்டு மூன்று சிறிய ஊற்றுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துங்கள். கழிப்பிடம் ஊற்றிலிருந்து நூறடிக்கு மேல் தள்ளி, தண்ணீர் ஓடும் பக்கத்துக்குக் கீழே இருக்கட்டும். குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சுங்கள். விக்கா வழிபாட்டில் தண்ணீரில் உப்புப் போட்டுத் தூய்மைப்படுத்தும் சடங்கு ஒன்று உண்டு. இங்கே உப்பு தானாகவே வந்துவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் சடங்கு.

நான்காம் படி: அடுப்பும் சாப்பாடும்

விறகுக்குக் கவலை இல்லை; சீமைக் கருவேலம் கூப்பிடாமலே வந்து நிற்கும். வெட்டும்போது செருப்புப் போடுங்கள். முள் ஏறினால் சீழ் வைக்கும், டெட்டனஸ் ஊசி போட்டுக்கொண்டு வாருங்கள்.

கடலும் காடும் சோறு போடும் என்று நம்பி வருகிறவர்கள் ஒரு மாதத்தில் மெலிந்து திரும்பிப் போகிறார்கள். அரிசி, குதிரைவாலி, பருப்பு, எண்ணெய், உப்பு இவற்றைச் சந்தையில் வாங்கத்தான் வேண்டும். இருக்கும் இடத்திலேயே கிடைப்பது பனை: மாசி முதல் பதனீர், கோடையில் நுங்கு, ஆவணியில் பழம், தைப் பொங்கலை ஒட்டிக் கிழங்கு. ஏறத் தெரியாமல் ஏறாதீர்கள். தொழில் தெரிந்தவரிடம் காசு கொடுத்து வாங்குங்கள். கள்ளுக்குத் தமிழ்நாட்டில் தடை உண்டு, பதனீர் புளித்துக் கள்ளாகிவிடாமல் கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருக்கிறதா என்று பாருங்கள். மீனுக்குக் கரைவலை இழுக்கும் இடத்தில் நின்று ஒரு கை கொடுத்தால் சாப்பாட்டுக்குப் போதுமான பொடிமீன் கையில் விழும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், அந்த 61 நாளும் மீன் விலை ஏறும். முன்கூட்டியே கருவாடு போட்டு வையுங்கள்.

கடலில் இறங்கும்போது காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் மணலைத் தேய்த்துக்கொண்டு நடங்கள். திருக்கை கிடந்தால் விலகிப்போகும். முள் குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

ஐந்தாம் படி: குச்சி நடுதல்

இது எளிது, ஆனால் இதைச் செய்யாமல் மற்றது எதுவும் பிடிபடாது. ஒரு மீட்டர் நீளக் குச்சியைச் சமதரையில் நேராக நடுங்கள். இங்கே சூரியன் உச்சிக்கோட்டைக் கடப்பது நம் கடிகாரத்தில் பன்னிரண்டேகால் வாக்கில். மாதத்துக்கு இரண்டு நாள் அந்த நேரத்தில் நிழலின் முனையில் ஒரு சிப்பியைப் புதைத்து வையுங்கள்.

டிசம்பர் 21 அன்று நிழல் வடக்கே 64 செண்டிமீட்டர் நீளும். மார்ச் 21 வாக்கில் 16க்குச் சுருங்கும். ஏப்ரல் 14ஐ ஒட்டி நிழலே இருக்காது. ஆமாம், சித்திரை ஒன்று. இராமநாதபுரம் கரையில் சூரியன் நேர் உச்சியில் நிற்பது நம் வருஷப் பிறப்பை ஒட்டித்தான். பிறகு நிழல் தெற்கே திரும்பி, ஜூன் 21இல் 25 செண்டிமீட்டர் ஆகி, மறுபடி சுருங்கி ஆகஸ்ட் 29 வாக்கில் இன்னொரு முறை மறையும்.

லண்டனில் கோடையின் நீண்ட பகலுக்கும் குளிர்காலத்தின் குறும்பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். நமக்கு ஒரு மணி நேரம்தான். இருட்டு வந்து உலகை விழுங்கிவிடுமோ என்ற பயமும், வெளிச்சம் திரும்பும் குதூகலமும் அவர்கள் திருநாட்களில் ஏன் அத்தனை பெரிதாக இருக்கின்றன என்று இந்தக் கணக்கைப் பார்த்தால் தெரியும். நமக்கு அந்தப் பயமும் குதூகலமும் மழை விஷயத்தில்தான்.

ஆறாம் படி: பொருள்கள்

கடையில் வாங்கும் மாயக் கத்தியும் படிகக் கோளமும் தேவையில்லை. கிண்ணத்துக்குத் தேய்த்து மெருகேற்றிய சிரட்டை. கோலுக்கு வேப்பங்குச்சி, விழுந்து கிடந்ததாக இருக்கட்டும். வட்டம் வரையும் கத்தியால் எதையும் வெட்டக் கூடாது என்பது மரபு. நான் கத்தியே வைத்துக்கொள்ளவில்லை, சுட்டுவிரல் போதும். ஐந்துமுனை நட்சத்திரத்தை மணலிலேயே கோலமாகப் போட்டுக்கொள்ளலாம், கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு அரை நிமிஷ வேலை. புகைக்குச் சாம்பிராணியோடு நொச்சி இலை; கொசுவும் போகும்.

கடலிலிருந்து எடுப்பதில் மட்டும் கவனம். பவளம், கடல்குதிரை, கடல் அட்டை இவை வனவிலங்குச் சட்டத்தில் வருகிறவை. கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டைக்கூட எடுத்துப் பீடத்தில் வைக்காதீர்கள், வழக்காகிவிடும். வலம்புரிச் சங்கு மலிவாகத் தருகிறேன் என்று யாராவது வந்தால் சிரித்துவிட்டு நடையைக் கட்டுங்கள். உடைந்த சிப்பி, மிதந்து வந்த கட்டை, கைப்பிடி உப்பு போதும்.

ஏழாம் படி: திசையும் வட்டமும்

புத்தக விக்காவில் கிழக்கு காற்று, தெற்கு நெருப்பு, மேற்கு நீர், வடக்கு மண். பிரிட்டனுக்கு இது பொருந்தும்: வெயில் தெற்கில், பெருங்கடல் மேற்கில், குளிர்ந்த இருட்டு வடக்கில். உச்சிப்புளிக்குப் பக்கத்து அரியமான் கரையில் வடக்கே இருக்கும் கடலை விட்டுவிட்டு, மேற்கே கருவேலங்காட்டைப் பார்த்து ‘நீரே வா’ என்று அழைத்தால் எனக்கே சிரிப்பு வந்தது.

இங்கே திசைக்கு ஏற்கெனவே பெயரும் குணமும் உண்டு. கடலில் போகிறவர்களைக் கேளுங்கள்: வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம், மேற்கே கச்சான். நான் வடக்கில் நீரை அழைக்கிறேன், கடல் அங்கே இருப்பதால். மேற்கில் நெருப்பு; கோடையில் கொதித்த நிலத்தின் மேல் வரும் கச்சான் உடம்பில் பட்டவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். கிழக்கில் காற்று. தெற்கில் மண், ஊரும் தோப்பும் அந்தப் பக்கம். நீங்கள் கீழக்கரையிலோ ஏர்வாடியிலோ இருந்தால் கடல் தெற்கே. தேவிபட்டினத்திலோ தொண்டியிலோ இருந்தால் கிழக்கே. நின்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். இது மரபுமீறல் என்று சொல்கிற விக்காக்காரர்களும் உண்டு. அவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை.

வட்டத்தைச் சூரியன் போகும் வழியில், வலமாகச் சுற்ற வேண்டும் என்பது விதி. இதிலும் ஒரு வேடிக்கை. சித்திரை நடுவிலிருந்து... இல்லை, சித்திரைப் பிறப்பிலிருந்தே ஆவணி வரை நம் சூரியன் வடக்கு வழியாகப் போகிறது. அப்படிப் பார்த்தால் அந்த நாலரை மாதமும் சூரியன் வழி என்பது இடம் சுற்றுவது. யோசித்துப் பார்த்துவிட்டு நான் வலமாகவே விட்டுவிட்டேன். கோயிலை வலம் வந்து பழகிய கால் வேறு பக்கம் திரும்ப மறுக்கிறது.

எட்டாம் படி: நிலா இரவு

முழுநிலா சூரியன் மறையும் நேரத்தில் கிழக்கே எழும். அடுத்தடுத்த நாளில் ஏறக்குறைய ஐம்பது நிமிஷம் தள்ளித் தள்ளி வரும். பௌர்ணமியன்று மதியத்துக்கு மேல் பட்டினி இருங்கள், அல்லது கஞ்சி மட்டும். பொழுது சாயும்போது ஓர் ஆறடி வட்டத்தைத் தென்னை ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டுங்கள். குளித்துவிட்டு வந்து உட்காருங்கள். விக்காவின் சில கிளைகளில் உடையில்லாமல் வழிபடும் வழக்கம் உண்டு. இந்தக் கரையில் அது நடக்காது. எந்த நேரத்தில் யார் வலை தூக்கிக்கொண்டு வருவார் என்று சொல்ல முடியாது. பருத்தித் துணி போதும்.

வட்டத்தின் நடுவே சிரட்டையில் ஊற்றுத் தண்ணீர், ஓர் அகல் விளக்கு, ஒரு பிடி மண், சாம்பிராணி. உப்பை ஒரு சிட்டிகை தண்ணீரில் போட்டு வட்டத்தின் விளிம்பில் தெளித்துக்கொண்டு ஒரு சுற்று. விரலால் வட்டத்தைக் காட்டிக்கொண்டு இன்னொரு சுற்று. நான்கு திசையிலும் நின்று அந்தந்தக் காற்றின் பெயரைச் சொல்லி வரச்சொல்லுங்கள். மொழிபெயர்த்த மந்திரம் வேண்டாம். வீட்டுக்கு வந்தவரை ‘வாங்க’ என்கிறோமே, அந்தச் சொல் போதும்.

பிறகு சிரட்டைத் தண்ணீரில் நிலா விழும்படி சாய்த்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருங்கள். தேவியை எந்தப் பெயரில் அழைப்பது என்பது உங்கள் விருப்பம். நான் பெயரில்லாமல் ‘ஆத்தா’ என்கிறேன். ஊர்க் காளியையோ அம்மனையோ என் வட்டத்துக்குள் கூப்பிடுவதில்லை. அவளுக்கென்று பூசாரி, காப்புக்கட்டு, முறை எல்லாம் இருக்கிறது. கும்பிட வேண்டுமென்றால் அவள் கோயிலுக்குப் போய்க் கும்பிடுவேன். கேட்க ஏதாவது இருந்தால் கேளுங்கள், இல்லாவிட்டால் சும்மா இருங்கள். பெரும்பாலும் சும்மா இருப்பதே நன்றாக இருக்கிறது.

முடிவில் ஒரு கடி கருப்பட்டி, ஒரு வாய் பதனீர். பதனீர் இல்லாத மாதத்தில் பானைத் தண்ணீர். வந்தவர்களுக்கு நன்றி சொல்லித் திசைக்குத் திசை அனுப்பிவிட்டு, வட்டத்தை இடமாகச் சுற்றி அவிழ்த்துவிடுங்கள். சிரட்டைத் தண்ணீரை மரத்தடியில் ஊற்றுங்கள். பூவோ நூலோ கடலில் போடாதீர்கள்.

நிலாவை இதைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் இந்தக் கரையில் உண்டு, கடல்பாசி எடுக்கும் பெண்கள். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக வற்றும். அப்போதுதான் அவர்களுக்கு வேலை. மாதத்தில் பன்னிரண்டு நாள் என்று தாங்களே வரம்பு வைத்துக்கொண்ட ஊர்களும் உண்டு, பாசி மறுபடி வளர வேண்டுமே. அவர்களில் ஒரு அக்கா என் படையலைப் பார்த்துவிட்டு, ‘நெலாவப் பார்த்துத்தான் நாங்க சோறே திங்கிறோம், நீ என்னமோ புதுசாக் கண்டுபிடிச்ச மாதிரி’ என்றார். அதற்குப் பிறகு அவரிடம்தான் வத்தக்கடல் நேரம் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்பதாம் படி: ஊரும் காவலும்

இராமநாதபுரம் கரையில் இரவில் நெருப்பும் டார்ச்சும் சாதாரண விஷயம் அல்ல. இலங்கைக் கரை கிட்டத்தில், கடத்தல் பயம், உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம். என் மூன்றாவது பௌர்ணமிக்கு ரோந்து வந்தவர்கள் விளக்கைப் பார்த்துவிட்டு, யாருக்கு சிக்னல் காட்டுகிறாய் என்று ஒரு மணி நேரம் விசாரித்தார்கள். சிரட்டையை மோந்துகூடப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். தங்க ஆரம்பித்த முதல் வாரமே ஊர்த்தலைவரிடமும் கடலோரக் காவல் நிலையத்திலும் ஆதார் நகலோடு போய் விவரம் சொல்லுங்கள். வழிபாட்டைத் தோப்புக்குள் வையுங்கள், கரையில் வேண்டாம். தை முதல் பங்குனி வரை இன்னொரு காரணமும் உண்டு: பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம். வெளிச்சத்தைப் பார்த்துக் குஞ்சுகள் கடலை விட்டுவிட்டு நிலத்தை நோக்கி ஊர்ந்துவிடும்.

என்ன கும்பிடுகிறாய் என்று ஊரில் கேட்டால் ‘நிலாவும் காற்றும்’ என்று சொல்லுங்கள். சூனியம், மாந்திரீகம் என்ற சொற்களை விளையாட்டுக்கும் வாயில் எடுக்காதீர்கள். பேய், செய்வினை என்று நம்பி மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டி வைத்திருந்த ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தீப்பிடித்து 28 பேர் இறந்த மாவட்டம் இது. யாராவது உங்களிடம் வந்து பிள்ளைக்கு மந்திரிக்கக் கேட்டால், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதற்குத் துணைக்குப் போங்கள். தாயத்து கொடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

பத்தாம் படி: எட்டுத் திருநாளை இங்கே நடுவது

சூரியனை வைத்து வரும் நான்கு நாளையும் குச்சி காட்டிவிடும். மற்ற நான்கும் இங்கிலாந்தின் உழவையும் மந்தையையும் சார்ந்தவை, அவற்றைக் கரைக்கேற்ப மாற்றித்தான் ஆக வேண்டும்.

யூல், டிசம்பர் 21. சூரியன் மீண்டும் பிறக்கும் நாள் என்பார்கள். ஆனால் 1964 டிசம்பர் 22 நள்ளிரவில்தான் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயில் ஆட்களோடு கடலுக்குள் போனது. அந்த வாரத்தில் இங்கே உட்கார்ந்துகொண்டு கொண்டாட்டம் போட எனக்கு மனம் வரவில்லை. இறந்தோரை நினைக்கும் சாம்ஹைன், புத்தகப்படி அக்டோபர் 31. அதன் அந்தப் பாதியை எடுத்து இங்கே வைத்துவிட்டேன். குடிசைக்குள் வாடை படாமல் ஓர் அகல், பெயர் தெரியாதவர்களுக்காக ஒரு கைப்பிடி சோறு, விடியும்வரை பேச்சில்லை. விடிந்ததும் குச்சியின் அடியில் சிப்பி புதைக்கிறேன்.

இம்போல்க், பிப்ரவரி 1. அங்கே ஆடுகள் பால் சுரக்கத் தொடங்கும் நாள், கிணறுகளுக்குரிய பிரிஜிட் என்ற தேவியின் நாள். இங்கே மழை முடிந்து ஊற்று நிறைந்திருக்கும், பனையில் பாளை எட்டிப் பார்க்கும். ஊற்றைச் சுத்தம் செய்து, சுற்றிக் கோலமிட்டு, முதல் குடத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கிறேன். எட்டில் எனக்குப் பிடித்தது இதுதான்.

ஓஸ்தாரா, மார்ச் 21 வாக்கில். இரவும் பகலும் சமம். களமெல்லாம் முண்டு மிளகாய் சிவந்து காயும். ஒரு சட்டியில் நவதானியம் முளைக்கவிட்டு வைக்கலாம். ஊர் முளைப்பாரிக்கு அழைத்தால் போய்க் கும்மியில் சேர்ந்துகொள்ளுங்கள், அதைப் பெயர்மாற்றி வைக்காதீர்கள்.

பெல்டேன், மே 1. தீ மூட்டித் தாண்டும் திருநாள். காய்ந்த பனங்காட்டில் தீ மூட்டினால் தோப்புக்காரர் நம்மைத் தாண்ட வைப்பார். நுங்கு வெட்டி நாலு பேருக்குக் கொடுங்கள். விசைப்படகுகள் கரையில் கிடக்கும் நாட்கள், ஊரில் ஆட்கள் இருப்பார்கள்.

லிதாவின் உச்சிச் சூரியனை நான் சித்திரை ஒன்றுக்கு மாற்றிவிட்டேன். நிழல் குச்சிக்குள்ளேயே ஒளிந்துகொள்ளும் அந்த இரண்டு நிமிஷத்துக்குப் பக்கத்துத் தோப்புப் பிள்ளைகளும் வந்து நிற்பார்கள். ஜூன் 21இல் கச்சானுக்கு வணக்கம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வதோடு சரி.

லாமாஸ், ஆகஸ்ட் 1. அங்கே முதல் அறுவடை, புது ரொட்டி. இங்கே ஆடிப்பட்டம், விதை தேடும் நேரம். அவர்கள் நன்றி சொல்லும் நாளில் நாம் கேட்கிறோம். அடுத்த மாபன், செப்டம்பர் 22 வாக்கில். அவர்களுக்கு அறுவடை நிறைவு. நம் மானாவாரிக்காரர்களுக்குப் புழுதி விதைப்பு. காய்ந்த மண்ணில் நெல்லை எறிந்துவிட்டு வானத்தைப் பார்த்து நிற்கிறவரைவிடப் பெரிய நம்பிக்கைக்காரரை நான் கண்டதில்லை. ஒரு நாள் கூலியில்லாமல் விதைப்புக்குப் போய்வாருங்கள், அதுவே வழிபாடு.

சாம்ஹைன், அக்டோபர் 31. அங்கே வருஷம் சாகும் இரவு. இங்கே அதற்குள் கச்சான் ஓய்ந்து, கொண்டலில் மேகம் ஏறி, கண்மாயில் முதல் தண்ணீர் புகுந்திருக்கும். வருஷத்துக்கு எண்ணூறு மில்லிமீட்டர் சொச்சம்தான் மழை, அதில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை. நான் அன்றைக்கு விரிவாக எதுவும் வைத்துக்கொள்வதில்லை. கூரை ஒழுகும் இடங்களுக்குக் கீழே சட்டியும் குண்டானும் வைத்துவிட்டு, எது முதலில் நிரம்புகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பேன். போன வருஷம் வாசல் பக்கத்துச் சட்டி.